மணப்பாடு புனித சவேரியார் குகை

தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில், கருமேனியாறு கடலில் கலக்கும் மணப்பாட்டில் உள்ள இயற்கைக் குகை. மணற்பாறைக் குன்றின் சரிவில் கடலை நோக்கி அமைந்தது. குன்றின் மேல் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. செப்டம்பர் 14-ஆம் நாள் திருவிழாவுக்குத் திரேஸ்புரம் முதலிய முத்துக்குளித்துறை ஊர்களின் மக்களும் சுற்றுலாப் பயணிகளும் திரளாக வருகின்றனர். இதன் வரலாற்றைப் புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்த 1542-இலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அந்த ஆண்டு நெடிய வரலாற்றின் நடுப்பகுதியே.

கருமேனியாற்றின் முகத்துவாரம் அருகில் இருப்பதால் ஆறு குடைந்த குகை என்று இதை எண்ணத் தோன்றும். குகைவாயோ ஆற்றைப் பார்க்கவில்லை, திறந்த கடலைப் பார்க்கிறது. குன்றும் கெட்டிப்பட்ட கடற்கரை மணலால் ஆனது. சிப்பி, சங்கு ஓடுகளின் சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து, மணல்மணிகளுக்கிடையே மீண்டும் படிந்து அவற்றைப் பிணைத்தது. முத்தை வளர்த்த அதே சுண்ணாம்புதான் இந்தப் பாறைக்கும் பசை. அது மீண்டும் கரையக்கூடியது என்பதால் பாறை மென்மையானது. அலையும் உப்புக்காற்றும் அதை எளிதில் அரிக்கும்; குகையைக் குடைந்ததும் அவையே எனலாம். குகைக்குள் உள்ள சிறு கிணற்றில், உப்புக்கடல் எட்டும் தூரத்திலேயே நன்னீர் ஊறுகிறது. மணற்பாறையின் துளைகள் வழியே இறங்கும் மழைநீர், தன்னைவிட அடர்த்தியான கடல்நீரின் மேல் மிதந்து நிற்பதே இதற்குக் காரணம். திருச்செந்தூர்க் கடற்கரையிலுள்ள நன்னீர்க் கிணறான நாழிக்கிணற்றையும் இவ்வாறே விளக்கலாம். மனிதர் இங்கே தங்க முடிந்ததற்கு நிழலோடு இந்த நீரும் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

சவேரியார் இங்கே தங்கினார் என்பதற்குச் சான்று உண்டா என்று கேட்பது நியாயமே. 1544-இல் தோழர் மான்சில்காசுக்கு அவர் எழுதிய கடிதங்களில் சில மணப்பாட்டிலிருந்தே அனுப்பப்பட்டவை. அவை அவர் ஊரில் இருந்ததற்குச் சான்று. குகையில் தவமிருந்தார் என்பது மரபு. இரண்டையும் ஒன்றாக்கத் தேவையில்லை. இக்கரை மீனவரான பரதவர் 1536-37-இல் திருமுழுக்குப் பெற்றபின் உருவான சமூகத்தின் நினைவு என்ற அளவிலேயே அந்த மரபுக்கு வரலாற்று மதிப்பு உண்டு. பாறையைப் பற்றிப் பேசுவது புனிதத்தைக் குறைக்கும் என்ற எதிர்வாதமும் நிற்காது. குகையிலுள்ள கல்வெட்டே, இது முன்பு ஒரு சைவத் துறவியின் உறைவிடம் என்று ஒப்புக்கொள்கிறது. முந்தையவரை மறைக்காத அந்த நேர்மையை, துறவிக்கும் முந்தைய மழைக்கும் மணலுக்கும் நீட்டுவதே முறை. நடைமுறைக் காரணமும் உண்டு: மென்மையான பாறையில் பெயர் கீறுவது அதை உதிர்க்கும், சிமென்ட் பூசுவது அதன் நீர்வழியைக் கெடுக்கும். கிணறு வற்றி, கூரை உதிர்ந்தால் மரபுக்கும் இடமிராது. ஆகவே குகையின் இயற்கை வரலாற்றைச் சொல்லும் பலகை ஒன்று அங்கே வைக்கப்படுவது, வழிபாட்டைக் காக்கும் பணியின் பகுதியே.