குகைக்குக் கணக்கு உண்டு, கூலிக்கு?

(தொலைக்காட்சி அரங்கில் லெம்பா பெர்த்தாம் தேயிலைத் தோட்டத்து நேயர் ஒருவர் பேசியது)

நான் கேமரன் மலை, லெம்பா பெர்த்தாமிலிருந்து வந்திருக்கிறேன். போர் விட்டுச் சென்ற சின்னங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஐரோப்பாவில் ஒரு குகையில் தொடங்கி, நம் தோட்டத்து மக்களிடம் வந்து முடிக்கிறேன்.

1944 ஜூன் 13. லண்டன் மீது ஜெர்மனி ‘வி-1’ என்ற பறக்கும் குண்டை முதன்முதலாக ஏவியது. அதில் விமானி கிடையாது. சிறிய விமானம் போன்ற உடல். முன்பகுதியில் சுமார் 850 கிலோ வெடிமருந்து. இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும் வரை பிழைத்தோம். நின்றுவிட்டால் குண்டு விழப்போகிறது என்று பொருள். இங்கிலாந்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் அதற்குப் பலியானார்கள்.

இத்தனை குண்டுகளை எங்கே வைப்பது? திறந்த வெளியில் வைத்தால் நேச நாட்டு விமானங்கள் அழித்துவிடும். அதனால் பிரான்சில் நிலத்துக்கு அடியில் கிடங்கு தேடினார்கள். ரீலி லா மொந்தாஞ் என்ற இடத்தில் ரயில் சுரங்கப் பாதையே கிடங்கானது. பாரிசுக்கு வடக்கே செயின் லூ தெஸெரான் என்ற ஊரில், கல் வெட்டியெடுத்த குகைகளில் முன்பு காளான் வளர்த்தார்கள். காளான் வளர்ந்த இடத்தில் குண்டுகள் குடியேறின.

1944 ஜூலை 4-ஆம் தேதியும் 7-ஆம் தேதியும் பிரிட்டிஷ் விமானங்கள் அங்கே தாக்கின. 5 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள குண்டுகளும் வீசப்பட்டன. குகை சரிந்து, வழி அடைபட்டால் போதும். உள்ளே இருக்கும் சரக்கு வெளியே வராது. 7-ஆம் தேதி இரவு மட்டும் சுமார் 30 பிரிட்டிஷ் விமானங்கள் திரும்பவில்லை. இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது.

சரி, அந்தக் குண்டுகளைச் செய்த கைகள் யாருடையவை? ஜெர்மனியில் டோரா என்ற முகாம். 1943 ஆகஸ்டு முதல் கைதிகளைக் கொண்டுவந்து சுரங்கத் தொழிற்சாலை அமைத்தார்கள். வி-2 ராக்கெட்டும், பிறகு வி-1 குண்டும் அங்கே தயாராயின. தொடக்க மாதங்களில் கைதிகள் வெயில் காணாமல் சுரங்கத்துக்குள்ளேயே படுத்தார்கள். சுமார் 60,000 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் மடிந்தார்கள்.

அதே 1943-இல் நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? சயாம் மரண ரயில் பாதையில்! சம்பளம், சாப்பாடு என்று ஆசை காட்டியும், வலுக்கட்டாயமாகவும் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர்கள் தமிழர்களை ஏற்றிப்போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அக்டோபர் 17-இல் இணைந்தது. காலராவிலும் பட்டினியிலும் ஆயிரம் ஆயிரமாய்ச் செத்தார்கள்.

காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள், கல்லில் பெயர்கள். நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. வெள்ளைக்காரனுக்குப் படைப் பதிவேடு இருந்தது; தோட்டக் கூலிக்கு அது இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

குண்டு வைத்த குகைக்கு வரலாறு இருக்கும்போது, பாதை போட்ட மனிதனுக்கு வேண்டாமா? உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் உண்டா? பெயர், தோட்டம், திரும்பினாரா இல்லையா, இந்த மூன்றையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்டுச் சொல்லப் பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.