உரிமை வந்துச்சு, வண்டி வரலை

இன்னைக்கு அயர்லாந்து போறோம். டப்ளினுக்கு இல்லை, தெற்கே இருக்கிற கார்க் கவுன்டிக்கு. அந்த நாட்டோட சிறப்புக் கல்வி வரலாற்றை மாத்தின ரெண்டு வழக்குகள் அங்கிருந்துதான் வந்துச்சு. ரெண்டுக்கும் பின்னாடி நின்னது அம்மாக்கள்.

1937 அரசியலமைப்பின் 42ஆவது பிரிவு தெளிவா சொல்லுது: அரசு இலவசத் தொடக்கக் கல்விக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். யாரையும் அது ஒதுக்கி வைக்கலை. ஆனா கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகள் விஷயத்துல, இவங்களுக்குத் தர்றது கல்வி இல்லை, பராமரிப்புதான்னு அரசு வாதாடிச்சு. 1993ல் ஓ'டனஹூ வழக்கில் உயர் நீதிமன்ற நீதிபதி ரோரி ஓ'ஹான்லன் அதை ஏத்துக்கலை. ஒரு பிள்ளை தன்கிட்ட இருக்கிற திறனை முடிஞ்ச அளவு பயன்படுத்தக் கத்துக்கிறதும் கல்விதான், அதுவும் அரசின் கடமைதான். தீர்ப்போட சாரம் இதுதான்.

அடுத்து கேத்தி சின்னட். ஆட்டிசம் உள்ள தன் மகனுக்காக வழக்குப் போட்டாங்க. வயசு முக்கியமில்லை, தேவை இருக்கிறவரை கல்வி தரணும்னு 2000ல் உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. 2001 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாத்தி, இந்த உரிமை 18 வயசோட முடியுதுன்னு சொல்லிடுச்சு. மகனுக்கு அப்போ 23.

இதுக்கு அப்புறம் 2004ல் சிறப்புக் கல்விக்குன்னே ஒரு சட்டம் வந்துச்சு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம்னு அதுல எழுதியிருந்தாங்க. ஆனா 2008 பொருளாதார நெருக்கடி வந்ததும் அந்தப் பிரிவுகளை நடைமுறைக்குக் கொண்டுவர்றதைத் தள்ளி வெச்சாங்க. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, கோட் மெர்ஜ் ஆயிடுச்சு, டெப்ளாய் ஆகலை.

சரி, சட்டம் முழுசா நடைமுறைக்கு வந்திருந்தா போதுமா? இங்கதான் ரோடு வருது.

மேற்குக் கார்க்கின் ரயில் பாதைகளை 1961ல் மூடிட்டாங்க. 1967ல் இலவச மேல்நிலைக் கல்வியோட சேர்ந்து பள்ளிப் பேருந்துத் திட்டம் வந்துச்சு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம், மறுக்கவே முடியாது. ஆனா பஸ் ரூட் எந்தக் கணக்குல ஓடுது? ஒரே பக்கம் போற பிள்ளைகள் சேர்ந்து இருந்தாத்தான் ரூட். ஒரு மலையோர ஊர்ல ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். அந்தப் பிள்ளைக்கேத்த வகுப்பு பக்கத்து ஊர்ல இருக்காது, இன்னும் தள்ளி ஏதோ ஒரு டவுன்ல இருக்கும். பேரா தீபகற்பத்தோட கோடியில இருந்து கார்க் நகரத்துக்குப் போக ரெண்டு மணி நேரத்துக்கும் மேல ஆகும்.

இதுக்கும் அரசு ஏற்பாடு வெச்சிருக்கு. தனி வேன் அல்லது டாக்ஸி, தேவைப்பட்டா கூட ஒரு துணை ஆள். அதுவும் அமையலைன்னா பெற்றோரே கூட்டிட்டுப் போக உதவித்தொகை. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தினமும் காலையிலயும் சாயங்காலமும் வண்டி ஓட்டுற அம்மாவோ அப்பாவோ எந்த வேலைக்குப் போவாங்க? சின்ன மாற்றத்தைக்கூடத் தாங்க முடியாத ஒரு பிள்ளை, தெரியாத டிரைவரோட ஒரு மணி நேரம் உக்காந்து போனப்புறம் வகுப்புல என்ன நிலைமையில இருக்கும்?

2022ல் இன்னொரு சட்டம் வந்துச்சு. சிறப்பு வகுப்பு தொடங்கச் சொல்லிப் பள்ளிகளுக்கு அமைச்சர் உத்தரவு போடுற நடைமுறையை அது வேகமாக்கிச்சு. எனக்கு இதுதான் சரியான திசைன்னு தோணுது. பிள்ளையை வகுப்புகிட்ட கொண்டுபோறதைவிட, வகுப்பைப் பிள்ளைகிட்ட கொண்டுவர்றது நல்லது. ஆனா அதுக்கு உத்தரவு மட்டும் பத்தாது. கட்டடம் வேணும், பயிற்சி பெற்ற ஆசிரியர் வேணும், அவங்க அந்த ஊர்ல தங்க வீடும் வேணும்.

கார்க் அம்மாக்கள் கோர்ட்ல கேட்டது ஒரே கேள்விதான்: என் பிள்ளைக்கும் உண்டா? உண்டுன்னு 1993லயே பதில் கிடைச்சிடுச்சு. எவ்வளவு தூரத்துலன்னு கேட்டா, அதுக்குத்தான் பல ஊர்கள்ல இன்னும் நல்ல பதில் இல்லை.