கலத்தோரைக் காத்த கலம்



கலம் என்னும் சொல்லுக்குத் தமிழிற் பொருள் பல. உண்ணும் பாத்திரமும் கலமே. கடலிற் செல்லும் கப்பலும் கலமே. மின்சாரத்தைத் தன்னுள் அடக்கி வைத்து வேண்டும்போது தரும் கருவியையும் மின்கலம் என்றே நம் அறிவியல் நூல்கள் வழங்குகின்றன. சில மின்கலங்கள் கப்பலொன்றில் இருந்தோரையெல்லாம் காப்பதற்குத் துணை நின்ற வரலாற்றையும், அதிலிருந்து உலகம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட பாடத்தையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

வானொலிக் கருவிக்கு ஓர் இயல்பு உண்டு. அது எப்பொழுதும் பயன்படுவதுதான். ஆயினும் ஆபத்து நேரும்போதே அதன் அருமை முழுவதும் விளங்கும். ஆனால் எந்த ஆபத்து நம்மை உதவி கேட்கத் தூண்டுகின்றதோ, அதே ஆபத்து பெரும்பாலும் மின்சாரத்தையும் நிறுத்திவிடுகின்றது. பேச வேண்டிய வேளையிலே கருவி ஊமையாகிவிடுகின்றது. இந்த முரண்பாட்டை மனிதர் எவ்வாறு வென்றனர் என்பதே நம் வரலாறு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி கப்பல்களில் இடம்பெறத் தொடங்கியது. அக்காலத்துக் கருவி மின்பொறிகளை உண்டாக்கி, அவற்றின் வாயிலாக அலைகளை எழுப்பிச் செய்தி அனுப்பியது. அதற்கு வேண்டிய மின்சாரம் கப்பலின் இயந்திர அறையிலுள்ள மின்பிறப்பாக்கியிலிருந்து வந்தது. கொதிகலனில் நீராவி எழும். நீராவி மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். அதிலிருந்து பிறக்கும் மின்னோட்டம் மேற்றளத்திலுள்ள தந்தியறையை அடையும். இந்தச் சங்கிலியின் தொடக்கம் கப்பலின் அடிவயிற்றில் இருந்தது. கப்பலுக்குள் நீர் புகுந்தால் முதலில் நிறைவதும் அந்த அடிவயிறுதான். நெருப்பு அவிந்தால் நீராவி இல்லை. நீராவி இல்லையேல் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையேல் தந்தியும் இல்லை.

இதற்கு மாற்று அக்காலத்திலேயே இருந்தது. பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் ஈயத் தகடுகளைக் கந்தகவமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய சேமிப்புக் கலத்தை அமைத்திருந்தார். இத்தகைய கலம் ஒன்று ஏறத்தாழ 2 வோல்ற்று மின்னழுத்தம் தரும். பல கலங்களைத் தொடராக இணைத்தால், ஒரு தூண்டற் சுருளை இயக்கிப் பொறி எழுப்பப் போதிய வலிமை கிடைக்கும். மின்பிறப்பாக்கி தரும் ஆற்றலோடு ஒப்பிட்டால் அது சிறிதே. ஆகவே செய்தி செல்லும் தூரமும் குறையும். ஆயினும் அது கொதிகலனையோ இயந்திர அறையையோ நம்பி இருப்பதன்று. அதுவே அதன் பெருமை.

அந்தப் பெருமையை உலகம் அறிந்த நாள் 1909ஆம் ஆண்டு ஜனவரி 23ஆந் திகதியாகும். முந்திய நாள் நியூயோர்க் துறைமுகத்திலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்பட்ட 'றிப்பப்ளிக்' என்னும் பிரயாணிக் கப்பல், நாந்துக்கெற்றுத் தீவுக்கு அப்பால் அடர்ந்த மூடுபனியினூடே சென்றுகொண்டிருந்தது. அவ்வழியே எதிர்ப்பட்ட 'புளோரிடா' என்னும் இத்தாலியக் கப்பலில், சில வாரங்களுக்கு முன் மெசீனா நகரை அழித்த நிலநடுக்கத்துக்குத் தப்பியோர் உட்படக் குடிபெயர்வோர் பலர் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்தனர். விடிவதற்கு முன் புளோரிடா, றிப்பப்ளிக்கின் விலாவில் மோதியது. இயந்திர அறையில் நீர் புகுந்தது. விளக்குகள் அணைந்தன. தந்தியறைக்கு வந்த மின்சாரமும் நின்றது.

அந்த அறையில் இருந்தவர் ஜாக் பின்ஸ் என்னும் இளைஞர். மோதலினால் அறையின் சுவர் சிதைந்திருந்தது; செய்தி தட்டும் சாவியும் உடைந்திருந்தது. ஆனால் சேமிப்புக் கலங்கள் இருந்தன. பின்ஸ் அவற்றைக் கருவியுடன் இணைத்தார். உடைந்த சாவியை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு மறு கையால் அபாயக் குறியைத் தட்டினார். பனிக்காலத்துக் குளிர் உடைந்த சுவரினூடே உள்ளே வீசிக்கொண்டிருந்தது.

கலங்களின் வலிமை கொண்டு நெடுந்தூரம் பேச முடியவில்லை. ஆயினும் நாந்துக்கெற்றுத் தீவிலிருந்த சயாஸ்கொன்செற்றுக் கரைநிலையம் அந்த மெலிந்த குரலைக் கேட்டது. கரைநிலையத்தின் கருவி வலியது. அது செய்தியை வாங்கிக் கடலெங்கும் பரப்பியது. 'பால்டிக்' என்னும் பெருங்கப்பல் திரும்பி வந்தது. மூடுபனியில் கண்ணால் தேடிப் பயனில்லை. பின்ஸ் அனுப்பிய குறிப்புகளையும் வெடியோசையையும் துணையாகக் கொண்டு, பல மணி நேரம் அலைந்து, மாலையிலேதான் பால்டிக் அவ்விடத்தை அடைந்தது. ஒரு முறை செய்தி அனுப்பியதோடு பின்ஸின் வேலை முடிந்துவிடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் பகல் முழுவதும் கலங்களில் எஞ்சியிருந்த ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிட்டு, அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மறுநாள் றிப்பப்ளிக் மூழ்கியது. ஆனால் மோதலின்போது இறந்த சிலரைத் தவிர, இரு கப்பல்களிலும் இருந்த 1500க்கு மேற்பட்டோர் உயிருடன் கரை சேர்ந்தனர்.

இதன் விளைவாக அமெரிக்க நாடாளுமன்றம் 1910ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்றி நெடுவழி செல்லும் கப்பல்கள், 100 மைல் தூரம் பேசக்கூடிய கருவியையும் அதனை இயக்கத் தேர்ந்த ஒருவரையும் கொண்டிருக்க வேண்டும் என அது விதித்தது. நல்ல சட்டமே. ஆயினும் பின்ஸின் கருவி எதனால் பேசியது என்ற கேள்வியை அது கேட்கவில்லை. கருவி வேண்டும் என்று சொன்ன சட்டம், கருவியின் உயிரான மின்சாரத்துக்கு மாற்றுவழி வேண்டும் என்று சொல்லாமல் விட்டது.

விடுபட்டதை நிரப்ப இன்னொரு பேரிடர் வேண்டியிருந்தது. 1912ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆந் திகதி இரவு 11.40 மணிக்கு டைற்றானிக் பனிமலையில் மோதியதையும், 2 மணி 40 நிமிடங்களில் அது மூழ்கியதையும், 1500 பேரளவில் மாண்டதையும் நேயர்கள் அறிவீர்கள். அதன் தந்திக் கருவி 5 கிலோவாற்று வலிமை கொண்டது. அக்காலத்தில் அதனினும் வலிய கருவியுடைய கப்பல்களைக் காண்பது அரிது. அவசரத்துக்கென்று சேமிப்புக் கலங்களும் அதில் இருந்தன. ஆனால் கடைசி நிமிடங்கள் வரை அந்தக் கருவிக்கு மின்சாரம் கிடைத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் வேறு. கப்பலின் பொறியியலாளர்கள் கீழே தங்கள் இடத்தை விட்டு அகலாமல் மின்பிறப்பாக்கிகளை இயக்கிக்கொண்டே இருந்தனர். அவர்களுள் ஒருவரேனும் பிழைக்கவில்லை. அவர்கள் அளித்த மின்சாரத்தால் ஜாக் பிலிப்ஸ் இறுதிவரை அழைத்தார்; 58 மைல் அப்பாலிருந்த கார்பேதியா அதைக் கேட்டு விரைந்து வந்து 700க்கு மேற்பட்டோரை மீட்டது. பிலிப்ஸும் உயிர் தப்பவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். ஒன்றில் மின்பிறப்பாக்கி உடனே நின்றது, கலங்கள் காத்தன. மற்றதில் மின்பிறப்பாக்கி நீடித்தது. ஆனால் அதற்கு விலையாக உயிர்கள் கொடுக்கப்பட்டன. மனிதரின் தியாகத்தை நாம் போற்றலாம். அதை நம்பி ஏற்பாடு செய்தல் அறமாகாது. எவரும் நீரில் மூழ்கியபடி இயந்திரத்தைக் காத்து நிற்காமலே கருவி பேச வேண்டும். அதற்கு, முதன்மை மின்சாரத்தோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத தனி ஆற்றல் வேண்டும்.

1912ஆம் ஆண்டு ஜூலை 23ஆந் திகதி அமெரிக்கா தன் சட்டத்தைத் திருத்தியபோது இந்தக் கருத்து எழுத்தில் ஏறியது. கப்பலின் மின்னிலையத்தைச் சாராத துணை ஆற்றல் இருத்தல் வேண்டும். அது கருவியைக் குறைந்தது 4 மணி நேரம் இடைவிடாது இயக்க வல்லதாய், 100 மைல் தூரம் எட்டக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. இரவும் பகலும் காது கொடுத்துக் கேட்க ஆட்கள் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. டைற்றானிக்குக்கு அணித்தே நின்ற கலிபோர்னியன் கப்பலில் ஒரேயொரு தந்தியாளர் இருந்து, அவரும் உறங்கச் சென்றுவிட்டமையே இதற்குக் காரணம். 1914ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டனிற் கூடிய நாடுகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. அவசரக் கருவியையும் அதன் மின்கலங்களையும் மிகுந்த பாதுகாப்புள்ள இடத்தில் வைக்க வேண்டும். அவை 6 மணி நேரம் இயங்க வேண்டும் என்று உடன்பட்டன. நீர் கடைசியாக எட்டும் இடம் எதுவோ, அங்கே மின்கலங்கள் குடியேறின. இன்றைய கடற்பாதுகாப்பு விதிகளிலும் அந்த 6 மணி நேரம் மறையவில்லை. முறையான அவசர மின்னிலையம் உள்ள கப்பலுக்கு 1 மணி நேரச் சேமம் போதும். இல்லாத கப்பலுக்கு 6 மணி நேரச் சேமம் வேண்டும்.

கடல் கற்ற பாடத்தைத் தரை பிறகுதான் கற்றது. 1965ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி மாலை 5.16 மணியளவில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நயாகராவுக்கு அண்மையிலுள்ள மின்னிலையமொன்றில் ஒரு சிறு பாதுகாப்புக் கருவி தன் வேலையைச் செய்தது. அது ஒரு மின்வழியைத் துண்டிக்க, அவ்வழியே சென்ற மின்சாரம் மற்ற வழிகளிற் பாய, அவையும் ஒவ்வொன்றாக அறுந்தன. சில நிமிடங்களில் நியூயோர்க் நகரம் உட்பட, ஏறத்தாழ 3 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு இருளில் ஆழ்ந்தது. சில இடங்களில் மின்சாரம் மீளப் 13 மணி நேரம் சென்றது.

தொலைக்காட்சி அணைந்தது, உயர்த்திகள் மாடிகளுக்கிடையே நின்றன, நிலக்கீழ்த் தொடருந்துகளில் மக்கள் அகப்பட்டனர். நடந்தது விபத்தா, போரா என்று அறியாத அச்சம் பரவக்கூடிய வேளை அது. அந்த அச்சத்தைத் தணித்தது வானொலி. சில நிலையங்கள் தம்மிடமிருந்த அவசர மின்பிறப்பாக்கியால் மீண்டும் பேசின. ஆனால் பேசினால் மட்டும் போதுமா? கேட்போரிடமும் மின்சாரம் இருக்க வேண்டுமல்லவா? அங்கேதான் திரான்சிஸ்டர் கைகொடுத்தது. பழைய வால்வு வானொலிக்கு இழையைச் சூடாக்க ஒரு மின்கலமும், உயரழுத்தத்துக்கு வேறொரு பாரமான மின்கல அடுக்கும் வேண்டியிருந்தன. 1954ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த திரான்சிஸ்டர் வானொலியோ சட்டைப்பையில் அடங்கியது. சிறிய பற்றரியில் பல மணி நேரம் ஒலித்தது. அன்றிரவு தெருவோரங்களில் ஒரு சிறு வானொலியைச் சூழ்ந்து பலர் நின்று செய்தி கேட்டனர்.

நம் நாட்டுக்கு இந்த அனுபவம் புதிதன்று. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லாது, பற்றரிகளும் கிடைத்தற்கரியனவாய் இருந்த ஆண்டுகளில், மிதிவண்டியின் டைனமோவை வானொலியுடன் இணைத்துச் செய்தி கேட்ட வீடுகள் பல. ஒருவர் சக்கரத்தைச் சுழற்றுவார்; சுற்றியிருப்போர் கேட்பர்; சுழற்றுபவர் களைத்தால் குரலும் மங்கும். றிப்பப்ளிக் கப்பலின் கலங்கள் செய்த வேலையை அங்கே மனிதரின் கால்கள் செய்தன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாந்தோட்டைக் கரையின் தொடர்புகளை அறுத்தபோது, தலைநகருடன் பேச வழியமைத்தவர்களுள் நம் நாட்டு விருப்பார்வ வானொலியாளரும் இருந்தனர். அவர்கள் கையாளும் சிற்றலைக் கருவிகள் பெரும்பாலும் 12 வோல்ற்றில், ஒரு வாகனப் பற்றரியிலேயே இயங்கக்கூடியவை.

இப்பொழுது கைத்தொலைபேசி இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று கேட்போர் உளர். 2025ஆம் ஆண்டு ஏப்ரில் 28ஆந் திகதி ஸ்பெயினும் போர்த்துக்கலும் பெரும்பாலும் இருண்டபோது அக்கேள்விக்கு விடை கிடைத்தது. கைத்தொலைபேசிக் கோபுரங்களின் சேமக் கலங்கள் சில மணி நேரத்தில் வற்றத் தொடங்கின. மக்கள் கடைகளில் பற்றரி வானொலிகளைத் தேடி வாங்கினர். கோபுரமும் ஒரு கலத்தையே நம்பி நிற்கின்றது. அந்தக் கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதே, 1912ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட அதே கேள்வி.

சேமக் கலத்தின் குணத்தையும் ஈண்டுச் சொல்லவேண்டும். அது பெரும்பாலான நாள்களில் வேலையின்றி இருக்கும். வேலையின்றி இருப்பதை மறப்பது மனித இயல்பு. மறக்கப்பட்ட ஈயக் கலமோ தானாகவே மின்னிழந்து, அதன் தகடுகளில் உப்புப் படிந்து கெடும். மின்னேற்றியும் சோதித்தும் பேணப்படாத கலம், இல்லாத கலத்தினும் தீங்கானது. ஏனெனில் அது இருக்கின்றது என்று நாம் நம்பியிருப்போம். வீடு தீப்பற்றிய பின் கிணறு தோண்டுவோரை உலகம் நகைக்கும். தோண்டிய கிணற்றைத் தூர்ந்துபோக விட்டவரையும் அவ்வாறே நகைக்க வேண்டும்.

நிலையங்களும் கப்பல்களும் தத்தம் கடமையைச் செய்யட்டும். நேயர்கள் செய்யக்கூடியது எளிது. வீட்டில் ஒரு சிறு பற்றரி வானொலி. அதற்கென இரண்டொரு புதிய பற்றரிகள். மாதத்துக்கு ஒரு முறை அது பேசுகின்றதா என்று பார்த்தல். விளக்குகள் அணையும் இரவில், இருளினூடே ஒரு குரல் உங்களைத் தேடி வரும்போது, அதைக் கேட்க உங்கள் வீட்டில் ஒரு காது விழித்திருக்கட்டும்.