பழுதுநீக்கு நிறுவல் (விண்டோஸ்)

பழுதுநீக்கு நிறுவல் என்பது கோளாறான விண்டோஸ் இயங்குதளத்தை, ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல், இருக்கிற விண்டோஸின் மேலேயே மறுபடி நிறுவும் முறை. சிஸ்டம் கோப்புகள் புதிதாக எழுதப்படும். மென்பொருள்கள், பயனர் கணக்குகள், ஆவணங்கள், பெரும்பாலான அமைப்புகள் அப்படியே இருக்கும். போட்டிருந்த அப்டேட்கள் தப்புமா என்பது விண்டோஸின் பதிப்பையும் நிறுவல் வட்டின் வயதையும் பொறுத்தது.

விண்டோஸில் ஒரு மென்பொருள் தன் கோப்புறைக்குள் மட்டும் குடியிருப்பதில்லை. ரெஜிஸ்ட்ரி எனும் பதிவேட்டிலும் சிஸ்டம் கோப்புறைகளிலும் அதன் பதிவுகள் சிதறிக் கிடக்கும். அதனால்தான் ஃபார்மட் செய்தபின் பழைய கோப்புறையை நகலெடுத்து வைத்தாலும் பல மென்பொருள்கள் ஓடுவதில்லை. பழுதுநீக்கு நிறுவல் அந்தப் பதிவேட்டையும் காப்பாற்றிக் கொடுக்கிறது.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில்தான் இம்முறை பரவலாகப் பேர் பெற்றது. சிடியிலிருந்து கணினியைத் துவக்கினால், பழுதுநீக்க ஆர் விசையை அழுத்தச் சொல்லி முதல் திரையே கேட்கும். அதை நம்பி அழுத்தியவர்கள் கட்டளை வரி மட்டுமே உள்ள கருந்திரையில் போய் நின்றார்கள். எண்டரை அழுத்தி, எஃப்8-ஆல் உரிம ஒப்பந்தத்தை ஏற்று, பழைய விண்டோஸைத் தேர்ந்து, அங்கே அழுத்தும் ஆர்-தான் பழுதுநீக்கு நிறுவலைத் தொடங்கும். துவங்கவே மறுக்கும் கணினியையும் இது மீட்டுவிடும். பின்வந்த பதிப்புகளுக்கு அந்தத் திறன் வாய்க்கவில்லை.

ஆனால் எக்ஸ்பியில் சிஸ்டம் கோப்புகள் சிடியின் வயதுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பின் போட்ட பாதுகாப்பு அப்டேட்கள் எல்லாம் போய்விடும். இது வெறும் நேர விரயமல்ல. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, ஜூலையிலேயே வெளியான திருத்தம் இல்லாத கணினிகளை வலையமைப்பு வழியாகவே தொற்றியது. பழைய சிடியால் சரிசெய்த கணினி, அப்டேட்டைப் பதிவிறக்க இணையத்தில் நுழைந்த கையோடு புழுவிடம் சிக்கக்கூடும். ஃபயர்வாலை முதலில் இயக்கிவிட்டு இணைப்பது ஒரு வழி. அப்டேட்களின் தொகுப்பான சர்வீஸ் பேக்கைச் சிடியின் கோப்புகளோடு முன்கூட்டியே கலந்து புதுச் சிடி எழுதுவது இன்னும் நல்ல வழி. இதற்கு ஸ்லிப்ஸ்ட்ரீம் என்று பெயர்.

எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து நிறுவல் முறையே மாறியது. கோப்பு கோப்பாக நகலெடுப்பதை விட்டு, முழு இயங்குதளத்தையும் ஒரே படிமமாக விரிக்கத் தொடங்கினார்கள். பழுதுநீக்கு நிறுவல் மேம்படுத்தலின் ஒரு வகையானது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்துதான் அதைத் தொடங்க முடியும். வட்டிலிருந்து துவக்கினால் அந்த வாய்ப்பு இல்லை. டெஸ்க்டாப் வரை வராத கணினிக்கு இம்முறை உதவாது என்பது, என் கணிப்பில், பெரிய பின்னடைவு. சர்வீஸ் பேக் 1 போட்ட விண்டோஸ் 7-ஐ, அது சேராத பழைய வட்டு மேம்படுத்தவும் மறுக்கும்.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, அதிலுள்ள செட்டப்பை இயக்கி, கோப்புகளோடு ஆப்களையும் வைத்துக்கொள்ளும் தேர்வைச் சொடுக்க வேண்டும். மொழி, ஹோம் அல்லது ப்ரோ என்ற வகை, பிட் கணக்கு ஆகியவை பொருந்த வேண்டும். ஐஎஸ்ஓவின் பதிப்பு, கணினியில் உள்ளதைவிடப் பழையதாகவும் இருக்கக் கூடாது. இல்லையேல் அந்தத் தேர்வு மங்கிக் கிடக்கும். பழைய விண்டோஸ் தனிக் கோப்புறையில் ஒதுக்கி வைக்கப்படும். பொதுவாகப் 10 நாளுக்குள் அதற்குத் திரும்பிவிடலாம். விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் ஐஎஸ்ஓவும் தேவையில்லை. அமைப்புகளின் மீட்புப் பக்கத்திலுள்ள பொத்தானே நடப்புப் பதிப்பை விண்டோஸ் அப்டேட் வழியாக இறக்கி மறுபடி நிறுவுகிறது. அப்டேட் இழப்பு என்ற பழைய தொல்லை இங்கே ஏறக்குறைய ஒழிந்தது.

ரீசெட் வசதியை இதனோடு குழப்பிக்கொள்வது வழக்கமான விபத்து. கோப்புகளை வைத்துக்கொள்வதாக அது சொல்வது ஆவணங்களை மட்டுமே. நாம் நிறுவிய மென்பொருள்கள் நீக்கப்படும். விண்டோஸ் 8-இன் ரிஃப்ரெஷும் ஸ்டோர் ஆப்களை வைத்துக்கொண்டு மற்ற மென்பொருள்களை நீக்கி, அவற்றின் பட்டியலை டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டுப் போனது.

பல கோளாறுகளுக்கு இவ்வளவு தூரம் போகவே வேண்டியதில்லை. எஸ்எஃப்சி கட்டளை சேதமான சிஸ்டம் கோப்புகளைக் கண்டு, கணினியிலேயே உள்ள சேமிப்பிலிருந்து நல்ல நகலை எடுத்து வைக்கும். அந்தச் சேமிப்பே கெட்டிருந்தால் விண்டோஸ் 8 முதல் டிஸ்ம் கட்டளையால் அதைச் சரிசெய்ய முடியும். அதனால் டிஸ்மை முதலிலும் எஸ்எஃப்சியை அடுத்தும் ஓட்டுவது முறை.

வைரஸ் தாக்கிய கணினிக்குப் பழுதுநீக்கு நிறுவல் ஏற்றதல்ல. மென்பொருள்களையும் பதிவேட்டையும் காப்பாற்றும்போது அங்கே ஒளிந்திருக்கும் வைரஸும் கூடவே தப்பலாம். கோளாறு ஹார்ட் டிஸ்க்கிலோ ரேமிலோ இருந்தால் நிறுவல் பாதியில் நின்றுவிடக்கூடும். டிஸ்க்கில் சந்தேகம் இருந்தால் செட்டப்பைத் தொடும் முன் ஆவணங்களை வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிட வேண்டும்.