பழந்தமிழ் ஏட்டுக் குறிகளும் அவற்றின் வரையறையும்

கோட்டை இராச்சியத்தை 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட 6ஆம் பராக்கிரமபாகு மன்னன் முன்னேஸ்வரத் திருக்கோயிலுக்கு அளித்த நிலக்கொடையைக் கூறும் சாசனம் தமிழ்மொழியில் அமைந்தது. 1578ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்தனர். பின்வந்த மன்னர் மீண்டும் எடுப்பித்தனர். கோயில் அழிந்தும் எழுந்தும் வந்த காலமெல்லாம் கொடையின் செய்தியைக் காத்து நின்றது எழுத்தேயாம். ஆயின், எழுத்து மட்டும் ஓர் ஆவணத்தைக் காக்க வல்லதோ? எவ்வளவு நிலம், எந்த ஆண்டு, எது வரவு, எது பற்று, வாசகம் எங்கே முடிகின்றது என்பவற்றை உணர்த்துதற்கு நம் முன்னோர் எழுத்தோடு குறிகளையும் ஆண்டனர். அக்குறிகளை இக்காலத்தில் முறைப்படி வரையறுத்தல் வேண்டுமோ, அன்றி அவற்றை ஏட்டளவில் விட்டுவிடுதல் அமையுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் அக்குறிகளின் இயல்பை நோக்குவோம். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ எனக் கணக்கேடுகளிற் குறிகள் வழங்கின. பின்னங்களுக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20, மாகாணி 1/16, அரைக்கால் 1/8. ஏட்டிற் சொற்களுக்கிடையே இடம் விட்டெழுதும் வழக்கம் இல்லை. ஒன்றென்னும் எண் ககரத்தையும், இரண்டென்னும் எண் உகரத்தையும் ஒத்திருக்கும். ஆதலின், இது எழுத்து, இது எண், இது குறி என்று பிரித்தறியும் பயிற்சி இல்லாதவர் எளிதில் மயங்குவர். காணிக் குறியை மாக் குறியாகக் கொண்டால் அளவு நான்கு மடங்காகும். மாவைக் காணியாகக் கொண்டால் நான்கிலொரு பங்காகச் சுருங்கும். கோயிலின் உடைமையோ ஒரு குடியின் உரிமையோ இவ்வாறு ஒரு சிறு கீற்றிலே தங்கியிருத்தல் கூடும்.

இனி, வரையறை செய்துவிட்டால் வழக்கு அதனைப் பின்பற்றுமோ எனின், தமிழ் எழுத்து வரலாறு இருவகை விடையும் தருகின்றது. மெய்யெழுத்தும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. எனினும் பிற்காலத்துக் கல்லிலும் ஓலையிலும் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாதே விட்டனர். விதி நூலில் நின்றது. எழுத்தாணி வேறு வழி சென்றது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தும் வடிவ மாற்றத்தைச் செய்தார். அச்சுப் பொறி பரவியபோது அம்மாற்றம் நிலைபெற்றது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புக்களிலும் நிறுத்தக் குறிகளை ஒழுங்குற ஆண்டார். அவர் நூல்களைப் படித்தோர் வழியே அம்முறை பரவிற்று. இவற்றால், எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் பயன்படும் வரையறையே நிலைக்கும் என்பது பெறப்படும்.

ஏட்டுக் குறிகளுக்கோ அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. அச்சு நூல்களில் அவை குறைந்தன. இலங்கையில் 1872ஆம் ஆண்டிலே நூறு சதம் கொண்ட ரூபாய் நடைமுறைக்கு வந்தபின், காசுக் கணக்குக்கு முந்திரியும் காணியும் வேண்டப்படவில்லை. எண்சுவடியை மனனஞ்செய்த திண்ணைப் பள்ளிகளும் மறைந்தன. குறிகளை எழுதுவோர் இலராக, படிப்போரும் அருகினர்.

கணினியின் வருகை இவ்வழக்கைப் புதிதாக எழுப்பிற்று. உலக மொழிகளின் எழுத்துக்கள் யாவற்றுக்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிக்கோடு முறையிலே, நாள் முதலிய எட்டுக் குறிகள் 2003ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டன. பின்னர் 2019ஆம் ஆண்டில் 51 குறிகள் கொண்ட தனிப் பகுதியொன்று தமிழுக்கு வகுக்கப்பட்டது. பின்னங்களும், குறுணி பதக்கு முதலிய முகத்தலளவைகளும், குழி வேலி என்னும் நில அளவைகளும், நன்செய், புன்செய், உப்பளம் என்பவற்றுக்குரிய குறிகளும், வாசகத்தின் முடிவைக் காட்டும் குறியும் அதனுள் அடங்கின. உப்பு விளையும் புத்தளக் கரையிலுள்ளார்க்கு உப்பளத்துக்கெனத் தனிக் குறி இருந்தமை வியப்பளிக்காது.

இதற்கு மாறாக எழும் தடைகள் இரண்டு. எழுதுவோர் இல்லாத குறிகளுக்கு வரையறை எதற்கு என்பது ஒன்று. ஊருக்கு ஊர், கைக்குக் கை வேறுபட்ட வடிவங்களுள் ஒன்றை விதியாக்கினால் ஏனையவை மறையும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை எளிது. அவை புதிதாக எழுதுதற்கு வேண்டப்படாவிடினும், பழையவற்றைப் பெயர்த்தெழுதுதற்கு வேண்டப்படும். ஏட்டிலுள்ள குறியைக் கணினியில் இட வழியில்லையெனின், படியெடுப்போர் அதனை விட்டுவிடுவர். அன்றித் தம் கருத்துப்படி சொல்லாக விரித்தெழுதுவர். பின்வருவோர்க்குக் கிடைப்பது மூலமன்று, படியெடுத்தோரின் உரையேயாம்.

இரண்டாந் தடை வலியுடையது. 2003ஆம் ஆண்டிலே எண்ணுக்கும் வரவுக்கும் குறிகள் இடம்பெற்றிருந்தும், 2019ஆம் ஆண்டில் மரபு எண் குறி, மரபு வரவுக் குறி என இரண்டு தனியே சேர்க்கப்பட்டன. ஒருமுறை எண் பெற்றதை அம்முறையிலிருந்து நீக்குதல் இல்லை. ஆதலின் முன்னையவும் நிற்க, பின்னையவும் அருகே நிற்கின்றன. ஏடுகளை முற்ற ஆராயாது வரையறுத்தலின் தீமைக்கு இது சான்று. ஆயினும் தடைக்கு விடையும் அப்பகுதியிலேயே உண்டு. 1/16க்கும் 1/2க்கும் ஒன்று மட்டும் கொள்ளாது இவ்விரண்டு வடிவங்கள் ஏற்கப்பட்டன. பழைய வழக்கை ஒன்றாக்குதல் வேறு. உள்ளவாறு பதிதல் வேறு. முன்னது புலவனின் விதி போன்றது. பின்னது கணக்கனின் பதிவு போன்றது. வழக்கொழிந்த குறிகளுக்கு வேண்டுவது பின்னதே.

எனவே, ஏட்டுக் குறிகளை வரையறுத்தல் தக்கதே. ஆனால் அவ்வரையறை ஏடுகளுக்குப் பின்னே செல்லவேண்டும், முன்னே செல்லலாகாது. கணினியில் எண் கிடைத்தமை கொண்டு மூலத்தின் நிழற்படம் வேண்டாவென்று எவரும் துணிதலும் ஆகாது. வீடுகளிலும் கோயில்களிலும் கிடக்கும் பழைய கணக்கேடுகளை எடுத்துத் துடைத்து, படம்பிடித்து, குறி தோறும் எண்ணிப் பதிதலே முதற்பணி. இன்றைய மாணாக்கர் மாவுக்கும் காணிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறியும் அளவுக்கேனும் எண்சுவடியைப் பயின்றால், அப்பணிக்கு ஆள் இல்லாது போகாது. நிலத்தை அளித்தவனும் மறைந்தான், பெற்றவரும் மறைந்தனர், கொடை இன்றளவும் அறியப்படுவது எழுதிவைத்த எழுத்தைப் படிப்போர் இருப்பதனாலன்றோ!