இரண்டு நிமிடக் கெடு

திரையின் மூலையில் கடிகாரம் பதினொரு வினாடி காட்டுகிறது. ஸ்கேட்போர்டில் நிற்கும் உருவம் ஒரு கம்பியின் மேல் சறுக்கிக்கொண்டிருக்கிறது. கீழே 3,000 என்று ஓர் எண், பக்கத்திலேயே பெருக்கல் 6. இப்போது தரையில் நல்லபடியாக இறங்கினால் 18,000 புள்ளி கணக்கில் ஏறும். இறங்காமல் அடுத்த கம்பிக்குத் தாவினால் அந்த வித்தைக்கு 500 கூடும், பெருக்கலும் 7 ஆகும், மொத்தம் 24,500. தாவும்போது விழுந்தால் ஒன்றுமில்லை. சேர்த்த 18,000-மும் போச்சு.

பள்ளிக்கூடக் கணக்குத்தான். கூடுதலாகக் கிடைப்பது 6,500. பணயம் 18,000. நான்கில் மூன்று தடவையாவது அந்தத் தாவலை முடிப்பேன் என்ற நிச்சயம் இருந்தால்தான் தாவவேண்டும். இந்தக் கணக்கு மூளைக்கு எட்டுவதற்குள் விரல் தாவிவிடும் என்பது வேறு விஷயம்.

என் அலமாரியில் டோனி ஹாக் ஸ்கேட்போர்டு விளையாட்டுகளை வியூக விளையாட்டுகளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். எக்ஸ்காம் பக்கத்தில், சிவிலைசேஷனுக்கு ஒரு தட்டு கீழே. வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒன்று உட்கார்ந்து யோசிப்பது, மற்றொன்று பொத்தானைப் போட்டு அமுக்குவது, இரண்டும் எப்படி ஒரே சாதி என்பார்கள். ஒரே சாதியாக்கியது அந்தக் கடிகாரம். இரண்டே நிமிடம் ஓடும் அது பிறந்து, வளர்ந்து, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, வயதான காலத்தில் திரும்பி வந்த கதையைச் சொன்னால் என் வாதமும் புரிந்துவிடும்.

அதன் முன்னோர் சில்லறை வாங்கும் பெட்டிகளுக்குள் இருந்தார்கள். 1986-இல் அட்டாரி கேம்ஸ் வெளியிட்ட '720 டிகிரி' என்ற ஆர்கேட் விளையாட்டில் ஒரு பையன் ஊருக்குள் ஸ்கேட்போர்டில் சுற்றுவான். புள்ளி சேர்த்துச் சீட்டு வாங்கி, நேரம் முடிவதற்குள் ஏதாவதொரு பூங்காவுக்குள் நுழைந்துவிட வேண்டும். தவறினால் 'சறுக்கு, இல்லையேல் செத்துப்போ' என்ற எச்சரிக்கை திரையில் வரும். பின்னாலேயே ஒரு தேனீக் கூட்டம் துரத்தும். கெடு முடிந்துவிட்டது என்பதை இவ்வளவு பச்சையாகச் சொன்ன விளையாட்டை நான் வேறு பார்த்ததில்லை. அந்தத் தேனீக்கள் கடைக்காரரின் ஆட்கள். ஒரு காசுக்கு ஒருவன் சாயங்காலம் முழுக்க நின்றால் கல்லா எப்படி நிறையும்? 1997-இல் சேகாவின் 'டாப் ஸ்கேட்டர்' வந்தது. நிஜப் பலகை போன்ற ஒன்றின் மேல் ஏறி நின்று, நேரத்தோடு போட்டி போட்டுச் சரிவில் இறங்கவேண்டும். அங்கேயும் கடிகாரத்துக்குக் காசாளர் வேலைதான்.

அந்த வேலையை மாற்றியது கலிஃபோர்னியாவின் உட்லண்ட் ஹில்ஸில் இருந்த நெவர்சாஃப்ட் என்ற சிறு நிறுவனம். நடிகர் புரூஸ் வில்லிஸை நாயகனாக வைத்து 'அபோகாலிப்ஸ்' என்ற சுடும் விளையாட்டை முடித்த கையோடு, 1998-இல் ஆக்டிவிஷனுக்காக ஸ்கேட்போர்டு விளையாட்டில் இறங்கினார்கள். முதல் மாதிரியில் பலகைமேல் நின்றதும் அதே புரூஸ் வில்லிஸ் உருவம்தான். எண்ணமும் புதிதில்லை, டாப் ஸ்கேட்டரைப் போலச் சரிவில் இறங்கும் பந்தயம். ஆடிப் பார்க்கும்போதுதான் விஷயம் புரிந்தது. ஆடுகிறவர்களுக்குக் கீழே போய்ச்சேரும் அவசரமே இல்லை. வழியில் கிடைத்த சாய்தளத்திலேயே திரும்பத் திரும்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பந்தயத்தைக் குறைத்துக்கொண்டு மைதானத்தைப் பெரிதாக்கினார்கள்.

பந்தயம் போனால் முடிவுக்கோடும் போகும். ஆட்டம் எப்போது முடியும்? அந்த இடத்தில்தான் இரண்டு நிமிடக் கடிகாரம் வந்து உட்கார்ந்தது. வீட்டில் ஆடும் பிளேஸ்டேஷனுக்குச் சில்லறை தேவையில்லை. வசூல் வேலை போய்விட்டதால் கடிகாரத்துக்கு வேறு வேலை கிடைத்தது: ஆடுகிறவனைத் திட்டம்போட வைப்பது.

1999 செப்டம்பரில் 'டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர்' கடைக்கு வந்தது. முதல் களம் ஒரு கிடங்கு. ஊர் உட்லண்ட் ஹில்ஸ், அதாவது செய்தவர்களின் சொந்த ஊர். அங்கே ஐந்து வேலை: 5,000 புள்ளி எடுக்கவேண்டும், 15,000 எடுக்கவேண்டும், ஆங்காங்கே தொங்கும் ஐந்து எழுத்துகளைப் பொறுக்கவேண்டும், ஐந்து பெட்டிகளை உடைக்கவேண்டும், ஒளித்து வைத்த வீடியோ கேசட் ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டும். ஸ்கேட்போர்டு உலகம் தன் வித்தைகளைக் கைமாற்றிக்கொண்டது கேசட்டுகளில் என்பதால் பரிசும் கேசட்டாகவே இருந்தது.

எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் ஓட்டத்தில் இடத்தைப் பார்க்கலாம், அடுத்ததில் எழுத்து, அதற்கடுத்ததில் பெட்டி. நான் வீட்டில், பொத்தான்கள் தேயும்வரை ஆடியபோது கற்றது அதுதான். முதல் நாள் அந்தக் கிடங்கு எனக்குச் சும்மா ஒரு இடம். பத்தாவது நாள் அது வரைபடம். இந்தச் சாய்தளத்திலிருந்து அந்தக் கம்பிக்கு எத்தனை வினாடி, எந்த எழுத்தை முதலில் எடுத்தால் திரும்பி வரத் தேவையில்லை என்று கண்ணை மூடினாலும் தெரியும். சதுரங்கக்காரன் திறப்பு நகர்வுகளை மனப்பாடம் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதன் மதிப்பு குறைந்துகொண்டே போகும் என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சீட்டை எப்போது இறக்குவது என்ற யோசனையும் வந்துவிடுகிறது.

நிஜ ஸ்கேட்போர்டுக்காரர்களுக்கும் கெடு அந்நியமானதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முதலாக இடம்பெற்றபோது ஓர் ஓட்டத்துக்கு 45 வினாடி. ஆனால் அந்த உலகத்தின் மிகப் புகழ்பெற்ற நிமிடம் கெடு முடிந்த பிறகு நடந்தது. 1999 ஜூன் 27, சான் ஃபிரான்சிஸ்கோ, எக்ஸ் கேம்ஸ். விளையாட்டுக்குப் பெயர் தந்த ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக், காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி இறங்கும் 900-ஐத் திரும்பத் திரும்ப முயன்று விழுந்துகொண்டிருந்தார். போட்டி நேரம் தீர்ந்துவிட்டது. யாரும் அவரை நிறுத்தவில்லை. நேரம் கடந்தபின் ஒரு முயற்சியில் இறங்கி நின்றார். சில மாதம் கழித்து வந்த விளையாட்டில் அந்த வித்தையும் இருந்தது.

டோனி ஹாக் விளையாட்டுத் தொடருக்கும் இதே தாராளம் உண்டு. கடிகாரம் சுழியத்தைத் தொடும்போது காம்போ, அதாவது இடைவெளி விடாமல் கோர்த்த வித்தைகளின் சங்கிலி, நடுவில் இருந்தால் ஆட்டம் அங்கேயே அறுந்துவிடாது. சங்கிலி அறும்வரை, அல்லது நீங்கள் இறங்கும்வரை, கடிகாரம் வாசலில் காத்து நிற்கும். இவ்வளவு மரியாதை தெரிந்த கெடுவை நான் வேறெங்கும் சந்தித்ததில்லை.

பணயக் கணக்கு திரைக்கு வெளியிலும் நடந்தது. ஆட்டம் வெளிவருவதற்கு முன் ஹாக்கிடம் ஒரே தடவையாக 5 லட்சம் டாலர் தருகிறோம், கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றது ஆக்டிவிஷன். அவர் வேண்டாமென்று சொல்லி, விற்பனையில் பங்கு கேட்டார். கைக்கு வந்த 18,000-ஐ வாங்கிக்கொண்டு இறங்காமல் அடுத்த கம்பிக்குத் தாவிய கதை. தொடர் விற்ற விற்பனையைப் பார்த்தால், அவர் இறங்கிய இடம் சரியான இடம்.

கடிகாரத்தின் வாலிபப் பருவம் அடுத்த இரண்டு வருடம். இரண்டு நிமிடம் இரண்டு நிமிடமாகவே இருந்தது. அதற்குள் அடங்கும் பொருள்தான் பெருகியது. 2000-இல் வந்த இரண்டாம் பாகம் மேனுவலைக் கொண்டுவந்தது. இரண்டு சக்கரத்தில் சமநிலை பிடித்துத் தரையில் உருளும் வித்தை. அதுவரை தரையில் இறங்கினால் காம்போ முடிந்தது. இப்போது ஒரு கம்பியிலிருந்து இறங்கி, மேனுவலில் உருண்டு, அடுத்த கம்பிக்குப் போகலாம். 2001-இல் மூன்றாம் பாகத்தில் ரிவர்ட். உயரச் சுவரிலிருந்து இறங்கும் கணத்தில் பலகையைத் திருப்பிச் சங்கிலியை அறாமல் காப்பது. இந்த இரண்டும் சேர்ந்ததும் களம் முழுவதையும் ஒரே காம்போவில் சுற்றிவர முடிந்தது. முதல் பாகத்தில் 15,000 பெரிய எண். மூன்றாம் பாகத்தில் தேர்ந்தவர்கள் லட்சங்களைத் தாண்டிப் பத்து லட்சங்களில் பேசினார்கள்.

காம்போ நீளநீளப் பணயமும் ஏறும். முப்பது வினாடி உழைத்துச் சேர்த்ததை முப்பத்தோராவது வினாடியில் இழக்க நேரிடும். எனக்கு மூன்றாம் பாகம்தான் தொடரின் உச்சம். விரலுக்கும் யோசனைக்கும் பாதிப்பாதி வேலை கொடுத்தது அது ஒன்றுதான்.

பிறகு நாடுகடத்தல். 2002-இல் நான்காம் பாகம் கடிகாரத்தை எடுத்துவிட்டது. களத்தில் இஷ்டத்துக்குச் சுற்றலாம், நிற்பவர்களிடம் பேசினால் வேலை கொடுப்பார்கள், அந்தந்த வேலைக்கு மட்டும் கெடு. விடுதலை என்று பலர் கொண்டாடினார்கள். இன்றும் அதையே சிறந்த பாகம் என்பவர்கள் இருக்கிறார்கள். என் கண்ணுக்குக் கடிகாரம் போகவில்லை, சில்லறையாக மாறியது. முழு இரண்டு நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்று நானே தீர்மானித்த காலம் போய், அடுத்த முப்பது வினாடிக்கு என்ன செய்யவேண்டும் என்று பிறர் சொல்லிக் கேட்கும் காலம் வந்தது. முதலாளியாக இருந்தவனைக் கூலிக்கு வைத்ததுபோல. 2003-இல் 'அண்டர்கிரவுண்ட்' பலகையிலிருந்து இறங்கி நடக்கவும் விட்டது. கதை வந்தது, ஊர்கள் வந்தன, வண்டிகள் வந்தன. அந்தப் பாகங்களை நான் ரசித்தேன், அலமாரியில் வேறு தட்டில் வைத்தேன்.

2007-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் 'ஸ்கேட்' வந்து கடிகாரத்துக்கு வேலையே இல்லை என்று காட்டியது. பொத்தானுக்குப் பதில், கட்டுப்பாட்டுக் கருவியின் வலது குச்சியைப் பாதம் அசைவதுபோல் இழுத்துச் சுண்டவேண்டும். ஒரு படிக்கட்டின் முன்னால் ஒரு மணிநேரம் நின்று ஒரே வித்தையைச் சரியாகச் செய்யப் பார்க்கலாம். நிஜ ஸ்கேட்போர்டுக்காரர்களின் சாயங்காலம் அப்படித்தான் கழியும் என்பதால் அதை நேர்மையான விளையாட்டு என்பேன். ஆனால் அங்கே எதிராளி என் கட்டைவிரல்தான். அது சாதகம், வியூகம் இல்லை. ஒரே ராகத்தை நாள் முழுக்கச் சாதகம் செய்வது ஒன்று, குறித்த நேரத்துக்குள் கச்சேரியை நிறைவாக முடிப்பது இன்னொன்று.

அதற்குப்பின் டோனி ஹாக் தொடருக்கு ஏழரைச் சனி. 2009-இல் நிஜப் பலகை போன்ற கருவியோடு வந்த 'ரைடு', 2015-இல் அரைகுறையாக வெளிவந்த ஐந்தாம் பாகம். இரண்டைப் பற்றியும் அதிகம் பேசாமல் இருப்பது நாகரிகம்.

கெடு பற்றிய சண்டை இந்த ஒரு தொடருக்கு மட்டும் சொந்தமில்லை. சதுரங்கம் இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டது. ஆளுக்கு ஆள் நினைத்த நேரம் யோசித்து ஆட்டங்கள் மணிக்கணக்கில் இழுக்க, 1861-இல் லண்டனில் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற்கடிகாரம் வைத்தார்கள். 1883-இல் லண்டன் போட்டிக்கு இயந்திரக் கடிகாரம் வந்தது. கணினியில் 2016-இல் எக்ஸ்காம் 2 இதே சண்டையைக் கிளப்பியது. முந்தைய எக்ஸ்காமில் ஆடுகிறவர்கள் நான்கடி நகர்ந்து, துப்பாக்கியை நீட்டிக் காத்திருந்து, மறுபடி நான்கடி நகர்ந்து, எந்த ஆபத்தும் இல்லாமல் ஜெயித்தார்கள். அதை உடைக்கப் பல பணிகளுக்கு இத்தனை நகர்வுக்குள் முடிக்கவேண்டும் என்று கெடு வைத்தார்கள். ஆத்திரப்பட்டவர்கள் அந்தக் கெடுவை நீக்கும் மாற்றுநிரல்களைச் சீக்கிரமே எழுதிவிட்டார்கள். நானும் ஒன்றைப் போட்டு ஆடிப்பார்த்தேன். என் வீரர்கள் யாரும் சாகவில்லை. ஒரு பணியும் நினைவில் நிற்கவும் இல்லை.

2020 செப்டம்பரில் விக்கேரியஸ் விஷன்ஸ் நிறுவனம் முதல் இரண்டு பாகங்களையும் புதுக்கிக் கொண்டுவந்தபோது கடிகாரம் வீடு திரும்பியது. பழைய கிடங்கு, பழைய இரண்டு நிமிடம். மேனுவலும் ரிவர்ட்டும் முதல் பாகத்தின் களங்களிலும் செல்லும். 2025 ஜூலையில் அயர்ன் கேலக்ஸி நிறுவனம் மூன்றையும் நான்கையும் சேர்த்துப் புதுக்கியது. இந்த முறை கடிகாரம் பழிதீர்த்துக்கொண்டது என்றே சொல்லவேண்டும். தன்னைத் துரத்திய நான்காம் பாகத்தின் களங்களுக்குள்ளும் இரண்டு நிமிடத்தோடு போய் உட்கார்ந்தது. நான்காம் பாகத்தின் ரசிகர்கள் கொதித்தார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. பேசவும் சுற்றவும் கட்டிய இடத்தில் ஓட்டப் பந்தயம் வைத்தால் இடம் இடுங்கித்தான் தெரியும். சமாதானமாக ஒரு வசதி வைத்தார்கள்: அமைப்புகளுக்குள் போய் ஓட்டத்தை ஒரு மணிநேரம் வரை நீட்டிக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுபது நிமிடம் வைத்து உட்கார்ந்தேன். எல்லா எழுத்தையும் எடுத்தேன், எல்லா மூலையையும் பார்த்தேன். விழுந்தால் எழுந்தேன். விழுந்ததில் ஒன்றும் போகவில்லை, அதனால் இறங்கியதில் ஒன்றும் வரவில்லை. இருபதாவது நிமிடத்தில் காபி போட எழுந்து போனேன். கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து இரண்டு நிமிடத்துக்கு மாற்றினேன். மூன்றாவது ஓட்டத்தில் கம்பியில் இருக்கும்போது கடிகாரம் சுழியத்தைத் தொட்டு நின்றது. கீழே 3,000-க்குப் பக்கத்தில் பெருக்கல் 6. இறங்கினால் முடிந்தது. கணக்கு நன்றாகவே தெரியும்.

தாவினேன்.