3 புலி, 15 ஆடு: சமமில்லாத சண்டையைச் சமமாக்கிய கதை

இன்னிக்கு மருத்துவம் இல்லை, கொஞ்சம் விளையாட்டு வரலாறு. இழை நீளம், பொறுமையா படிங்க.

1/
பலம் சமமில்லாத ரெண்டு பக்கம் மோதினால் ஆட்டம் நியாயமாக இருக்குமா? எதிரி லேசாக இருந்தால் சலிப்பு. முரடாக இருந்தால் பத்து நிமிஷத்தில் எல்லாரும் காலி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டி அரக்கர்களோடு மோதும் விளையாட்டுகள் இருக்கே, அதை நடத்துறவருக்குப் பெரிய தலைவலியே இதுதான்.

2/
இந்த வகைக்கு முன்னோடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கியது. பாதாளத்தில் கீழே இறங்க இறங்க அரக்கர்களின் பலம் கூடும். எவ்வளவு ஆழம் போவது என்பது ஆடுபவர் இஷ்டம்.

3/
2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு அரக்கனுக்கும் ஒரு சவால் மதிப்பெண் கொடுத்தது. 4 பேர் கொண்ட குழுவை அடிப்படையாக வைத்த கணக்கு. குழந்தையின் எடை பார்த்து நாங்க காய்ச்சல் மருந்து அளவு சொல்றோமே, அது மாதிரி.

4/
ஆனா ஒரு சிக்கல். அங்கே ஒவ்வொரு எதிரிக்கும் சுற்றுக்கு ஒரு முறை உண்டு. 15 குட்டிப் பூதம் வந்தால், ஒரே சுற்றில் 15 அடி விழலாம். அதனால் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு பெருக்கல் அட்டவணை போட்டார்கள். எதிரிகள் 2 என்றால் மொத்த மதிப்பை 1.5 ஆல் பெருக்கணும். 3 முதல் 6 வரை என்றால் 2 ஆல். 15-ம் அதற்கு மேலும் என்றால் 4 ஆல்!

5/
15-ன்னதும் நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணு ஞாபகம் வரணுமே? ஆமா, ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. திண்ணையிலும் கோயில் தரையிலும் கட்டம் கீறி நம்ம பெரியவங்க ஆடினது.

6/
புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டால் புலியை வெட்டவே முடியாது. நகர விடாமல் அடைக்கத்தான் முடியும். பலத்தில் ஏணி வெச்சாலும் எட்டாது. அப்புறம் எப்படி ரெண்டு பக்கமும் ஜெயிக்க வாய்ப்பு வருது?

7/
இங்கதான் விஷயமே இருக்கு. 15 ஆடு இருந்தாலும் ஒரு முறைக்கு ஒரே ஒரு காய்தான் வைக்கலாம். எல்லா ஆடும் இறங்கும் வரை, வைத்த ஆட்டை நகர்த்தவும் கூடாது. கூட்டத்தின் பலத்துக்குப் போட்ட கடிவாளம் அது. பெருக்கல் அட்டவணையே தேவைப்படலை.

8/
புலிக்கும் கடிவாளம் உண்டு. அது இடம். வெட்டு இல்லாமல் 15 ஆடும் இறங்கிட்டா, மிச்சம் காலிப் புள்ளி வெறும் 5. தொடக்கத்தில் புலி ராஜா. நேரம் ஆக ஆக, சேர்ந்து நிற்கும் ஆடுகள் கை ஓங்கும். ஒரு ஆடு விழுந்தால் புலிக்கு ஒரு இடம் கிடைக்கும்.

9/
நேபாளத்தின் பாக் சால் இதுக்குச் சொந்தக்காரன். 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. அங்கேயும் ஒரு புலிக்கு 5 ஆடு! லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற ஆய்வாளர்கள் கணினி வைத்து அதை அலசினார்கள். இரு பக்கமும் தப்பே இல்லாமல் ஆடினால் முடிவு டிரா என்று நிரூபித்தார்கள். நம்ம பலகை வேற, அந்த முடிவை அப்படியே இங்க ஒட்ட முடியாது. ஆனா சமமில்லாத சண்டையும் இவ்வளவு துல்லியமாக் சமமாகும்னு தெரியுதில்ல?

10/
இதில் பெற்றோருக்கு ஒரு பாடம் இருக்கு. குழந்தையோடு ஆடும்போது வேணும்னே தோத்துக் கொடுக்காதீங்க. அதுங்க சட்டுனு கண்டுபிடிச்சிடும். ஜெயிச்ச சந்தோஷமும் போயிடும். பதிலா, விதியை முன்னாடியே பேசி மாத்துங்க. "நீ ஆடு, நான் புலி. நான் 8 ஆடு வெட்டினாத்தான் எனக்கு வெற்றி." அப்புறம் முழு மூச்சா ஆடுங்க. அதில் ஜெயிச்சா, அது அந்தப் பிள்ளை சொந்தமா ஜெயிச்சது.

11/
காய் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம். புலிக்கு 3 பலாக்கொட்டை, ஆட்டுக்கு 15 முந்திரிக்கொட்டை. அண்ணாகிராமம், பண்ருட்டி பக்கம் இதுக்கா பஞ்சம்?

உங்க ஊர்ல எத்தனை ஆடு விழுந்தா புலிக்கு வெற்றி? கீழே சொல்லுங்க.